அடிமூடியில் ஒரு பொட்டு

ஆகஸ்ட் 2, சனி

டாக்டர் சொல்லிவிட்டார், எழுதித்தான் ஆக வேண்டும். சம்யுக்தாவுக்கு எந்தெந்த நாளில் வீசிங் வருகிறது, அன்றைக்கு என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், எதைத் தொட்டாள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் நோட்டை வாங்கி வந்து என் கையில் கொடுத்து, உனக்குத்தான் கையெழுத்து அழகு என்று நழுவிவிட்டார். பத்து வருடமாக மிக்சிக்கும் ஃபேனுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் எழுதித் தேய்ந்த கை. இதையும் எழுதட்டும்.

டாக்டருக்காக ஆரம்பத்திலிருந்து. சம்யுக்தா, வயது ஒன்பது, நான்காம் வகுப்பு. என் கணவர் தண்டபாணியின் மகள். அவளுடைய அம்மா இறந்தபோது அவளுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து பொள்ளாச்சியில் பெரியம்மா ருக்குமணி அக்காவிடம் வளர்கிறாள். நான் கோகிலவாணி. போன தை மாதம் இந்த வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை காலையில் இவர் போய் அவளைக் கூட்டி வருவார், ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். பொள்ளாச்சியில் வீசிங் எப்போதாவது ஒரு முறை. இங்கே, கோயம்புத்தூரில், ஜூன் மாதத்திலிருந்து கிட்டத்தட்ட வாராவாரம். ஜூனில்தான் எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டார்கள். இன்னும் மூடவில்லை.

இன்று: காலை ஒன்பதரைக்கு வந்தாள். இட்லி மூன்று, தக்காளிச் சட்னி, ஒரு டம்ளர் பால். பதினோரு மணிக்கு இருமல், பன்னிரண்டுக்கு வீசிங். இன்ஹேலர் இரண்டு முறை. காரணம் தெரியவில்லை. தூசியாக இருக்க முடியாது. நான் ஆறு மணிக்கே எழுந்து அவள் அறை, மெத்தை, தலையணை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் எங்கள் கம்பெனியின் கை வேக்குவம் கிளீனரால் மூலைமுடுக்கு விடாமல் உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீசிங் கொஞ்சம் தணிந்திருக்கிறது போல. சரியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவளைப் பார்க்கவே முடியவில்லை. பாத்ரூமுக்குள் போனால் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கால் மணி நேரம். நேற்றிலிருந்து ஐந்து தடவை. நான் கூடத்தில் இருந்தால் அவள் உள்ளே, நான் அடுக்களைக்குப் போனால் அவள் வெளியே.

புரியாமல் இல்லை. ஏழு மாதத்துக்குள் ஒரு புது மனுஷியைப் பிடித்துவிட வேண்டும் என்று ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சட்டமா போட்டிருக்கிறது? நான் ஒன்றும் வருத்தப்படவில்லை. தொட்டித் தண்ணீர் வீணாகிறதே என்றுதான் எழுதினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் கேட்கவில்லை, ஆனால் நோட்டில் இடம் நிறைய இருக்கிறது.

எங்கள் கம்பெனி முதன்முதலாகக் கைக்கு அடக்கமான ஒரு வேக்குவம் கிளீனர் செய்கிறது. டெஸ்டிங் என் பொறுப்பு. வடிவத்தில் பாதியும் நான் சொன்னதுதான். சங்கதி எளிது. காற்று ஒரு குப்பிக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழலும். சுழற்சியில் தூசி சுவரோரமாக ஒதுங்கி அடியில் விழும். காற்று மட்டும் நடுக்குழாய் வழியே மேலேறி, ஃபில்டரையும் மோட்டாரையும் தாண்டிப் பின்பக்கம் வெளியே போகும். குப்பியின் அடியில் ஒரு மூடி. அதைத் திறந்து தூசியைக் கொட்டிவிடலாம்.

முதலாளி பெரியநாயகம் சாருக்கு மே மாதம் வரை ஒரே புலம்பல். புதிதாக ஓட்டும்போது புலியாக உறிஞ்சுகிறது, ஐந்தே நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறது என்று. ஃபில்டர் அடைத்துக்கொண்டு காற்றை விடவில்லை. தடித்த ஃபில்டரை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்று போட்டேன். காற்று தாராளமாகப் போயிற்று. சார் முகத்தில் அன்றைக்குத்தான் பல்லைப் பார்த்தேன்.

டெஸ்டுக்கென்று முறையான தூசி வெளிநாட்டிலிருந்து வரும். எங்களுடையது ஃபிட்டர் மயில்சாமி அண்ணன் சலித்துத் தரும் ஆற்று மணலும் கோலமாவும். நூறு கிராம் கொட்டி உறிஞ்சிக் குப்பியை எடை போட்டால் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு கிராம் தரையில் சிந்தியிருக்கும் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அப்படித் தேறிய முதல் மாதிரி ஒன்றை ஜூனில் வீட்டுக்கு எடுத்து வந்தேன். தெருப் புழுதியை அது ஒரு கை பார்க்கட்டும் என்று.

ஆகஸ்ட் 9, சனி

வீசிங். மதியம் ஒரு மணி. அவரைக்காய்ப் பொரியல், ரசம், பால்கோவா. பால்கோவா மேல் சந்தேகம். காலையில் வழக்கம்போல் எல்லாம் சுத்தம்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று வீசிங் இல்லை!

மிஷினைப் பேட்டரி டெஸ்டுக்காகக் கம்பெனியிலேயே விட்டு வந்துவிட்டேன். ஈரத்துணியால் மட்டும் துடைத்துச் சமாளித்தேன், மனசே இல்லாமல். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து பால் கொடுக்கவில்லை. அதனால்தான்.

சாயங்காலம் அவளாக அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். என்னை அவள் எந்த முறை வைத்தும் கூப்பிடுவதில்லை. “இங்க பாருங்க” என்பதுதான் என் பெயர். இங்க பாருங்க, அந்த மிஷின்ல தூசி மட்டும் எப்படித் தனியாப் போவுது என்று கேட்டாள். டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் கேழ்வரகைப் போட்டுச் சுற்றிக் காட்டினேன். ராட்டினத்தில் உட்கார்ந்தால் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளுமே, அதுபோலத்தான் என்றேன். தூசிக்குத் தலை சுத்தாதா என்று கேட்டாள். சுத்தும், அதனால்தான் மயங்கிக் கீழே விழுந்துவிடுகிறது என்றேன். சிரித்துவிட்டாள். முன்பல் ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது.

அந்தக் கேழ்வரகை இன்னும் கொட்டவில்லை. நாளைக்குக் கொட்டலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வீசிங் இல்லை. பால்தான் எதிரி. கண்டுபிடித்தாயிற்று.

ஆகஸ்ட் 23, சனி

பால் ஒரு சொட்டுக்கூட இல்லை. மெத்தையை இரண்டு தடவை உறிஞ்சினேன். பதினோரு மணிக்கே வீசிங்.

பசுமாட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

வீசிங். பஞ்சுக் கரடியைத் தூக்கிப் பரணில் போட்டேன். கரடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ருக்குமணி அக்கா போனில் பேசினார். ஏனம்மிணி, அந்த வூடே அவளுக்கு ஒத்துக்கல போலிருக்குது என்றார். குரலில் குத்தல் இல்லை. எனக்குத்தான் குத்தியது. வீடு என்றால் என்ன, நான்கு சுவரா? சுவர் முன்பும் இருந்தது, தரை முன்பும் இருந்தது. புதிதாக வந்தது நான் ஒருத்திதான். அக்கா அதைச் சொல்லவில்லை. சொல்லாததை எல்லாம் கேட்டுக்கொள்ளும் காது எனக்கு.

செப்டம்பர் 6, சனி

நேற்றுப் பகல் முழுக்க மின்தடை. சார்ஜ் ஏறாமல் மிஷின் கிடந்தது. துடைப்பமும் ஈரத்துணியும்தான். வீசிங் இல்லை. இந்த வாரம் மல்லிகைப்பூ வாங்கவில்லை, அதுவாக இருக்கலாம். இனி இந்த வீட்டுக்குப் பூ வேண்டாம்.

செப்டம்பர் 13, சனி

வீசிங். பூவும் இல்லை, பாலும் இல்லை, கரடியும் இல்லை.

இவரும் அக்காவும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். காலாண்டு விடுமுறை இருபத்தேழாம் தேதி ஆரம்பம். ஒன்பது நாளும் அவள் இங்கேயே இருக்கட்டும். நன்றாக இருந்தால் வருகிற ஜூனில் இங்கேயே பள்ளிக்கூடம் மாற்றிவிடலாம். முடியவில்லை என்றால் இனிமேல் இந்தப் பேச்சே வேண்டாம், இவர் மாதம் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

நியாயமான முடிவுதான். சம்மதம் என்றேன். பிறகு குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளை வருகிறாள். படுக்கை விரிப்பு வெந்நீரில் துவைத்தாயிற்று. திரைகளைக் கழற்றியாயிற்று. மிஷின் முழுச் சார்ஜில் இருக்கிறது. இந்தத் தடவை காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தினமும் இரண்டு வேளை சுத்தம். ஒரு துகள் மிஞ்சக் கூடாது.

செப்டம்பர் 27, சனி

வீசிங், மதியம். சமாளித்தோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலை சுத்தம், சாயங்காலம் சுத்தம். இரண்டுக்குப் பிறகும் வீசிங். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்கிறாள். குழாய் சத்தம் நாள் முழுக்க.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் உதடு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெபுலைசர் வைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் சரியாயிற்று. புது இன்ஹேலர் ஒரே மாதத்தில் எப்படித் தீர்ந்தது என்று டாக்டர் கேட்டார். என் நோட்டில் இருக்கும் கணக்குக்கு அதில் பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும். அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

மாலையில் ருக்குமணி அக்கா வந்து அழைத்துப் போய்விட்டார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பையை நான் எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோ தெருமுனையைத் தாண்டும் வரை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், வீட்டையா என்னையா என்று தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். டாக்டர் படித்தாலும் படிக்கட்டும்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கம்பெனிக்குப் போக மனமில்லை. போகாமல் இருந்தால் மிஷின்கள் கோபித்துக்கொள்ளும் என்று மயில்சாமி அண்ணன் போன் செய்தார். போனேன். வீட்டு மாதிரியையும் கூடவே எடுத்துப் போனேன், அதுவும் ஆயுதம்தானே.

லேத், டிரில்லிங் மிஷின், கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம், பூ. நான் கொண்டுபோன கைக் கிளீனரைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பொட்டு எங்கே வைப்பது என்று அண்ணனுக்கு ஒரே குழப்பம். காற்று வாங்கும் வாயில் வைக்கக் கூடாது, பிடியில் வைத்தால் கையில் ஒட்டும். கடைசியில் குப்பியின் அடிமூடியில், மூடியும் குப்பியும் சேரும் கோட்டின் மேலேயே, சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமத்தைத் தாராளமாக வைத்துவிட்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவாக உதிர வேண்டும். அப்படியே சந்தனம் காய்ந்து வெடித்திருந்த மிஷினில் காலையில் வழக்கமான கோலமாவு டெஸ்ட் ஓட்டினேன். பிறகு ஃபில்டரைக் கழற்றினால், வெள்ளையாக இருக்க வேண்டிய துணியில் சிவப்பு. கோலமாவில் குங்குமத்தைக் கலந்துவிட்டீர்களா என்று அண்ணனிடம் எரிந்து விழுந்தேன். அவர் சாமி சத்தியமாக இல்லை என்றார். மிஷினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அடிமூடிக் கோட்டின் மேல் இருந்த குங்குமம் காணாமல் போயிருந்தது. சற்றுத் தள்ளி இருந்தது அப்படியே இருந்தது.

அண்ணன் போய் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வந்து, ஓடும் மிஷினின் அடியில் காட்டினார். புகை நேராக மேலே போகாமல் வளைந்து அந்தக் கோட்டுக்குள் நுழைந்தது.

“இங்க காத்து உள்ள போவுதுங்க. மூடி சரியா உக்காரல.”

தலைமயிர் அளவு இடைவெளி. அது போதும். சேர்ந்து கிடக்கும் தூசிக்கு அடியிலேயே காற்று புகுந்து, அதைக் கிளப்பி, நடுக்குழாய் வழியே மேலே அனுப்புகிறது. கனமான மணல் மட்டும் அசையாமல் கிடக்கிறது. எடை போட்டால் தொண்ணூற்றெட்டு. தடித்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம். அது அடைத்தாவது தூசியைப் பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டவள் நான்.

வெள்ளைத் துணி ஒன்றை மிஷினின் பின்பக்கம், காற்று வெளியே வரும் இடத்தில் பிடித்தேன். ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தரையில் தூவி உறிஞ்சினேன். துணி இளஞ்சிவப்பாக மாறியது.

அந்த இரண்டு கிராம் தரையில் சிந்தவில்லை.

அக்டோபர் 4, சனி

விடிந்ததிலிருந்து இந்த நோட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பால் எழுதியிருக்கிறேன், பால்கோவா எழுதியிருக்கிறேன், பூ, கரடி எல்லாம் எழுதியிருக்கிறேன். மிஷினை ஒருநாள்கூடக் காரணமாக எழுதவில்லை, சுத்தம் செய்தேன் என்றே எழுதியிருக்கிறேன். அது இல்லாத சனிக்கிழமை இரண்டு: ஆகஸ்ட் பதினாறு, செப்டம்பர் ஆறு. இரண்டிலும் வீசிங் இல்லை. கடைசியில் தினமும் இரண்டு வேளை ஓட்டினேன், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி.

மெத்தைக்குள் சும்மா கிடந்த பொடியை எல்லாம் கிளப்பி, அவள் மூச்சு விடும் காற்றில் நானே கலந்து வைத்திருக்கிறேன், வாராவாரம், அவள் வருவதற்குச் சரியாக மூன்றரை மணி நேரம் முன்னால்.

இவரிடம் சொன்னேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார். ரோட்டுப் புழுதி என்றே இருக்கட்டும், மிஷினைச் சரிசெய்துவிட்டால் விஷயம் முடிந்தது, இதைச் சொன்னால் அவர் இனி உன்னை நம்பிப் பிள்ளையை அனுப்புவாரா என்று கேட்டார். என்மேல் இருக்கும் பிரியத்தில்தான் சொன்னார். எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆசையாக இருந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளை இந்த வீடு தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே.

அக்டோபர் 5, ஞாயிறு

பொள்ளாச்சி போய் வந்தேன். தனியாக.

ருக்குமணி அக்கா முற்றத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் காபிகூட வாங்கிக்கொள்ளாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், வாங்கிக் குடித்தால் தைரியம் போய்விடும் என்று. மூடி, கசிவு, ஃபில்டர் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைத் திறந்து தேதிகளைப் படித்தேன். கடைசியாகச் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

“வீட்டு மேல தப்பில்லைங்க்கா. அவ மேலயும் தப்பில்ல. நாந்தானுங்க காரணம்.”

அக்காவின் கை நின்றுவிட்டது. பதில் வந்தது கதவுக்குப் பின்னாலிருந்து.

“அப்ப எனக்கு அந்த வூடு ஒத்துக்குமா?”

சம்யுக்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒத்துக்கும் கண்ணு, நான்தான் புழுதியைக் கிளப்பிவிட்டேன் என்றேன். அவள் நேராக என்னைப் பார்த்து, அழாமல், பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

“நான் இருமுறது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் கொழாயத் தொறந்து வுட்டேன். மருந்தும் உள்ளயேதான் அடிச்சுக்குவேன். கேட்டுச்சுன்னா பெரிம்மாவ வரச்சொல்லிப் போடுவீங்க. அப்புறம் அங்க வரவே முடியாது.”

இத்தனை மாதமாக என்னைப் பிடிக்காமல் ஒளிந்துகொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். எங்களோடு இருக்க வேண்டும் என்பதற்காக அந்தக் குட்டி நெஞ்சு, குழாய் சத்தத்துக்கு நடுவே தனியாக மூச்சுக்குத் தவித்திருக்கிறது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கேட்காமல் தொடலாமா என்று தெரியாமல் முந்தானையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இனிமேல் மூச்சு வாங்கினால் ஒளியாதே, யாரும் உன்னை அனுப்ப மாட்டோம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் உள்ளே போன பிறகு அக்கா மெதுவாகப் பேசினார்.

“நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன் அம்மிணி. ஒவ்வொரு வாரமும் அவ வீசிங்கோட திரும்பி வர்றப்ப, சரி, இன்னுங் கொஞ்ச நாளைக்கு எங்கிட்டத்தான் இருப்பான்னு மனசோட ஒரு மூலைல சந்தோசமா இருந்துச்சு. என்னத்தச் சொல்றது.”

ஆறு வருடம் வளர்த்தவர். அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேருமாக அவரைக்காயை ஆய்ந்து முடித்தோம். ஜூனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, தீபாவளிக்கு அனுப்புகிறேன், பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெரியநாயகம் சார், தீபாவளிக்கு மிஷினைக் கடைகளுக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தொண்ணூற்றெட்டு என்று எழுதியது நீதானே அம்மா என்றார். ஆமாம் சார், தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். இளஞ்சிவப்புத் துணியை மேஜைமேல் விரித்தேன். அதைப் பார்த்துவிட்டு, தீபாவளி போனால் பொங்கல் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். நல்ல மனிதர். அடுத்த வாரம் எல்லாரையும் திட்டுவார்.

அக்டோபர் 15, புதன்

அடிமூடியைச் சுற்றி இரட்டை உதடு வைத்த ரப்பர் வளையம். ஒரு பக்கம் மட்டும் இருந்த கொக்கிக்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று. நடுக்குழாய்க்குக் கீழே குடை மாதிரி ஒரு தட்டு, விழுந்த தூசி சுழற்சியில் மறுபடி எழாமல் இருக்க. காற்று நுழையும் வழியில் முட்டுச்சந்துபோல் இருந்த திருப்பத்தை வளைவாக மாற்றினோம். பழைய தடித்த ஃபில்டரையே திரும்பப் போட்டேன்.

டெஸ்டுக்கு மணல் வேண்டாம் என்றேன். எங்கள் தெருப் புழுதியைத் துணியில் சலித்து, குங்குமமும் கலந்து எடுத்துப் போனேன். அரை மணி நேரம் விட்டு விட்டு ஓட்டினோம். உறிஞ்சும் வேகம் குறையவில்லை. தூசி சுழற்சியிலேயே பிரிந்து அடியில் தங்கிவிடுவதால் ஃபில்டருக்கு வேலையே குறைவு. இத்தனை நாள் காற்றுக்கு வழிவிட வேண்டும் என்று தப்பான இடத்தைத் திறந்துகொண்டிருந்தேன். வேண்டிய இடத்தை மூடியதும் காற்று தன்னால் ஓடுகிறது.

பின்பக்கம் பிடித்த துணியை அண்ணன் வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெள்ளையாவே இருக்குதுங்க” என்றார். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 18, சனி

சம்யுக்தா வந்தாள். புது மிஷினை அவள் வருவதற்கு முன்னால் ஓட்டவில்லை. இனி எந்த மிஷினையும் எடை பார்த்து நம்புவதாக இல்லை. ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. மதியம் அவளே கேட்டாள், அந்த வெள்ளைத் துணி வித்தையைக் காட்டச் சொல்லி. இவர் பரணிலிருந்து பஞ்சுக் கரடியை இறக்கினார். அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் கரடியை உறிஞ்சினேன், இவர் பின்னால் துணியைப் பிடித்தார். துணியைக் கொண்டுபோய்க் காட்டினோம். நீதிபதி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாஸ் என்றாள்.

வீசிங் இல்லை. குழாய் சத்தமும் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

வீசிங் இல்லை. முறுக்கு பிழிந்தோம். அவள் பிழிந்ததில் ஒன்றுகூட வட்டமில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வீசிங் வந்தது.

காலை ஆறரைக்குத் தெருவே வெடித்தது. எல்லா ஜன்னல்களையும் சாத்தினேன், ஈரத்துணியைக் கதவிடுக்கில் திணித்தேன். எங்கள் வீட்டில் ஒரு மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை. ஆனாலும் புகைக்கு வழி சொல்லித் தர வேண்டுமா? நான் அடுக்களையில் எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். இவர் மாடித் தொட்டியைப் பார்க்கப் போயிருந்தார். புதுப் பாவாடை சரசரக்க யாரோ பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

“எனக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் வந்து உக்காருங்க.”

கையில் இன்ஹேலர் இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் அறையில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னபடி குழலைப் பொருத்தி மருந்தைக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணினோம். அவள் முதுகு என் நெஞ்சில் சாய்ந்திருந்தது, அவள் மூச்சு ஒவ்வொன்றும் எனக்குள் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக மனசு நிறைந்திருந்தது. கால் மணி நேரத்தில் இரைப்பு தணிந்து, சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போயும் நான் நகரவில்லை.

அவள் எழுந்ததும் முதல் வேலையாக ருக்குமணி அக்காவுக்குப் போன் செய்தேன். மறைக்கக் கூடாது. வந்துவிட்டது அக்கா, பட்டாசுப் புகை, இப்போது பரவாயில்லை என்றேன். ஜூன் கைவிட்டுப் போயிற்று என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய், இருமினாளா என்று கேட்டார். இல்லை அக்கா, அவளே வந்து சொன்னாள், பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள் என்றேன்.

அந்தப் பக்கம் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் வந்தது.

“எங்கிட்டக்கூட அவளா வந்து ஒருநாளும் சொன்னதில்ல அம்மிணி. இத்தன வருசமா, நானாப் பாத்துத்தான் கண்டுபுடிப்பேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “உங்க பக்கத்துலயே நல்ல பள்ளிக்கொடமாப் பாத்து வையி. ஜூன்ல நானே கொண்டாந்து வுட்டுப்போட்டுப் போறேன்.”

டாக்டருக்காக: இன்ஹேலர் இரண்டு முறை, ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. காரணம், பட்டாசுப் புகை. காலையில் சாப்பிட்டது இரண்டு இட்லி, ஒரு அதிரசம். மூச்சு வாங்கியதும் என்னைத் தேடி வந்தாள்.